மொரிஷியஸ் காட்டுல பறவை பாக்க நாலு நாள்

தம்பி, நீங்க கேட்டத முழுசாப் படிச்சேன். நவம்பர் கடைசியில மொரிஷியஸ்ல காத்ர் போர்ன் ஊர்ல மச்சானுக்குக் கல்யாணம், மொத்தம் பத்து நாள் இருப்பீங்க, கல்யாண வேலை போக நாலு நாள் கையில, கூட அப்பா வர்றார், அவருக்கு முட்டி வலி, ஆனா தட்டேக்காட்லயும் வால்பாறையிலயும் உங்களுக்குப் பறவை பாக்கக் கத்துக் குடுத்ததே அவர்தான். எந்தக் காடு, எத்தனை நாள், கைடு வேணுமா, எத்தனை ஸ்பீஷீஸ் தேறும்னு நாலு கேள்வி. நான் பொள்ளாச்சிக்காரன், இங்க பொண்ணு கட்டி வந்து பதினாலு வருஷம் ஆகுது, லீவு நாள்ல வீட்ல திட்டத் திட்ட காட்டுக்கு ஓடற ஆளு, தெரிஞ்சதச் சொல்றேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கங்க.

கடைசிக் கேள்விய மொதல்ல எடுத்துக்கறேன், அதுல தெளிவு வந்துட்டா மத்ததெல்லாம் தானா வந்துரும். தட்டேக்காட்ல ஒரே காலைல எண்பது டிக் (பாத்த பறவைய லிஸ்ட்ல குறிக்கறது) போட்ட கணக்க மனசுல வெச்சுக்கிட்டு இங்க வந்தீங்கன்னா அழுதுருவீங்க. இந்தத் தீவுல மட்டுமே இருக்கற காட்டுப்பறவை, உலகத்துல வேற எங்கயும் பாக்க முடியாதது, மொத்தமே எட்டுதான். கெஸ்ட்ரல்ங்கற சின்ன வேட்டைப்பறவை, பிங்க் புறா, எக்கோ கிளி, இந்த ஊர் புல்புல் (சின்னான்), குயில்கீச்சான், மொரிஷியஸ் ஃபோடிங்கற குருவி, வெள்ளைக்கண்ணியில ரெண்டு, ஒண்ணு சாம்பல் ஒண்ணு ஆலிவ். அவ்ளோதான் லிஸ்ட்டு. அதுக்கு மேல பக்கத்துல இருக்கற ரியூனியனோட பங்கு போட்டுக்கற ஈபிடிப்பான் ஒண்ணு, குகையில கூடு கட்ற சின்ன உழவாரன் ஒண்ணு, கடல் பறவையில வெள்ளை வால் ட்ராபிக் பேர்ட். எட்டுல ஆறு பாத்துட்டுப் போனா நல்ல ட்ரிப், எட்டும் பாத்தா நான் உங்களுக்கு பிரியாணி வாங்கித் தர்றேன்.

ஏன் இவ்ளோ கம்மின்னா, டோடோ கதை உங்களுக்கே தெரியும், 1662க்கு அப்புறம் அதப் பாத்ததா நம்பற மாதிரி தகவலே கெடையாது, அதோட சேர்ந்து கிளி ஆந்தைன்னு என்னென்னமோ போச்சு. மிச்சம் இருந்த காட்ட வெட்டிக் கரும்பு போட்டாங்க. நல்ல நாட்டுக்காடுன்னு சொல்ற மாதிரி இன்னைக்கு ரெண்டு சதவீதம் கூட மிச்சமில்ல. ஏர்போர்ட்லேர்ந்து வெளிய வந்ததும் பச்சைப் பசேல்னு இருக்கும், "ஆஹா என்னா காடு"ன்னு தோணும், அது காடு இல்ல, கரும்பு, இல்லாட்டி சீனக் கொய்யாப் புதர், வெளியிலேர்ந்து வந்து காட்ட அமுக்கற களை. உண்மையான காடு தென்மேற்கு மூலையில இருக்கற பிளாக் ரிவர் கோர்ஜஸ் நேஷனல் பார்க், 1994ல அறிவிச்சது, ஆறாயிரத்து ஐநூறு ஹெக்டேர் சொச்சம், அதுக்குள்ளயும் நல்ல துண்டுன்னு பாத்தா வேலி போட்டுக் களையெடுத்து வெச்சிருக்கற சில பகுதிங்கதான். அதனால "எந்தக் காடு"ங்கற கேள்விக்குப் பதில் சுலபம், வேற காடு பெருசா கெடையாது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், இது எவனும் சொல்ல மாட்டான். நம்ம ஊர்க்காரங்களுக்கு இங்க பறவை பாக்கறது கஷ்டம், வெள்ளைக்காரனுக்கு ஈஸி. ஏன்னா வந்து எறங்கினதும் நீங்க பாக்கப் போறது எல்லாமே உங்க வீட்டு மாடியில பாத்ததுதான். மைனா இருக்கு, இங்க அதுக்குப் பேரு மார்த்தேன், 1762ல வெட்டுக்கிளியத் தின்னட்டும்னு இந்தியாவிலேர்ந்து கொண்டாந்து விட்டாங்க (நம்ம ஆளுங்க அதுக்கும் முன்னாடியே வந்தாச்சு, லபூர்தொனேங்கற பிரெஞ்சுக்காரர் இங்க கவர்னரா இருந்தப்போ பாண்டிச்சேரியிலேர்ந்து கொத்தனார் தச்சர்னு கூட்டிட்டு வந்தது, ஆக மைனாவ விட நாம சீனியர்). புள்ளிப்புறா இருக்கு, கவுதாரி இருக்கு, போர்ட் லூயிஸ் பக்கம் காக்கா இருக்கு, பச்சைக்கிளி இருக்கு, ஊட்டி ரோட்ல கொண்டை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்குமே செம்மீசைச் சின்னான் அது இங்க மூலைக்கு மூலை இருக்கு, 1892ல வந்தது, கோந்தேன்னு கூப்பிடறாங்க. இதெல்லாம் பழக்கமான மூஞ்சியா இருக்கறதால கண்ணு தானா அது மேலயே போகும், உண்மையான ஆளு பின்னாடி இலைக்குள்ள அமைதியா உக்காந்திருப்பான். மொத நாளே நம்ம ஊர்க் கூட்டத்தக் கழிச்சுக் கட்டப் பழகிட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது.

குறிப்பா நாலு எடத்துல ஏமாறுவீங்க. கிளிதான் மொத ஏமாத்து. எக்கோ கிளியும் நம்ம பச்சைக்கிளியும் அண்ணன் தம்பி மாதிரி, பறக்கறப்போ பாத்தா சத்தியமா வித்தியாசம் தெரியாது. எக்கோ கொஞ்சம் குண்டா இருக்கும், பச்சை இன்னும் அழுத்தமா இருக்கும், வாலு குட்டை, றெக்கை அகலம். உக்காந்துட்டா மூக்கப் பாருங்க, பச்சைக்கிளியில ஆணு பொண்ணு ரெண்டுக்கும் செவப்பு மூக்கு, எக்கோவுல ஆணுக்கு மட்டும்தான் மேல் அலகு செவப்பு, பொண்ணுக்குக் கருப்பு. கருப்பு மூக்கோட ஒரு பெரிய கிளி உக்காந்திருந்தா சத்தம் போடாம அப்பா தோள்ல தட்டுங்க. கொரலும் வேற, நம்மது கீச்சுன்னு கத்தும், இது அடித்தொண்டையில கரகரன்னு பேசும், ஒரு தடவ கேட்டுட்டா அப்புறம் கண்ண மூடிக்கிட்டே சொல்லலாம்.

அடுத்தது ஃபோடி. இதுல நானே அசிங்கப்பட்டேன். வந்த புதுசுல பெத்ரான் பார்க்கிங்ல குப்பைத் தொட்டி மேல ரத்தச் செவப்பா ஒரு குருவி, நான் பரவசமாகி "மொரிஷியஸ் ஃபோடி மொரிஷியஸ் ஃபோடி"ன்னு கத்திட்டு நாப்பது போட்டோ எடுத்தேன், கூட வந்த மாமனாரோட தம்பி சிரிச்சுக்கிட்டே "மாப்ள, அது கார்டினால், எங்க வீட்டு வாசல்ல ரொட்டித் துண்டு பொறுக்கும்"னார். அது மடகாஸ்கர் ஃபோடி, தீவு முழுக்க இருக்கு. ஒடம்பெல்லாம் செவப்புன்னா மடகாஸ்கர், தலையும் நெஞ்சும் மட்டும் செவந்து மிச்சம் மங்கின பழுப்பா இருந்தா நீங்க தேடறது. ரெண்டும் நம்ம தூக்கணாங்குருவிக் குடும்பம்தான். ஆணு செவக்கறது இனப்பெருக்கக் காலத்துலதான், நவம்பர்ல நல்லா செவந்திருக்கும், ஜூன் ஜூலைல வந்திருந்தா எல்லாம் சாம்பல் குருவி மாதிரி இருக்கும், குழம்பிருவீங்க.

புறாவுல, மடகாஸ்கர் காட்டுப்புறா ஒண்ணு கருஞ்செவப்பா இருட்டுல நடந்துட்டிருக்கும், புதுசா வர்றவங்க பாதிப்பேர் அதத்தான் பிங்க் புறான்னு போட்டுக்கறாங்க. உண்மையானது பெருசு, நம்ம மாடப்புறாவ விடப் பெருசு, ஒடம்பு வெளுத்த ரோஸ், றெக்கை காப்பிப்பொடிக் கலரு, வாலு துருப்பிடிச்ச செவப்பு. பாத்தா சந்தேகமே வராது, சந்தேகம் வந்தா அது பிங்க் புறா இல்ல. புல்புல்ல, கொண்டை இருந்தா நம்ம ஊர்க்காரன், கொண்டை இல்லாம சாம்பலா ஆரஞ்சு மூக்கோட பெருசா இருந்தா மேர்ல், அதான் இந்த ஊர்க்காரன்.

சரி, இப்ப எடம். உங்க நாலு நாள்ல ரெண்டு காலைய ஒரே எடத்துக்குக் குடுங்கன்னு நான் சொன்னா ஒத்துக்க மாட்டீங்க, ஆனா அதான் என் யோசனை. பெத்ரான். க்யூர்பிப், வாக்வா பக்கத்துலேர்ந்து மேல ஏறி வர்ற ரோடு, சிவராத்திரிக்கு ஊரே நடந்து போகுமே கிராண்ட் பஸான் கங்கா தலாவ், அந்த ரோடு பிரியற எடத்துல இருக்கு. காத்ர் போர்ன்லேர்ந்து விடியக்காலைல கார்ல முக்கா மணி நேரம் கூட ஆகாது. அங்கேர்ந்து மக்காபே பக்கமா ஒரு அகலமான மண் ரோடு காட்டுக்குள்ள போகுது, ஜீப் போற ரோடு, மேடு பள்ளம் அதிகமில்ல, அப்பாவால தாராளமா நடக்க முடியும். ஆனா ஒண்ணு, அந்த ரோடு வியூ பாயின்ட் தாண்டினதும் செங்குத்தா பள்ளத்தாக்குக்குள்ள எறங்கி கீழ பார்க்கோட பிளாக் ரிவர் விசிட்டர் சென்டருக்குப் போயிரும், மொத்தம் பத்து கிலோமீட்டர் சுமாருக்கு வரும், எறக்கம் முட்டியக் கொன்னுரும், இன்டர்நெட்ல எல்லாரும் "செம ட்ரெக்"னு போட்டிருப்பானுங்க, நீங்க அதுல மாட்டிக்காதீங்க. வியூ பாயின்ட் வரைக்கும் போய்ட்டு வந்த வழியே திரும்புங்க. ட்ரெக்கிங்குக்கும் பறவைக்கும் சம்பந்தமே இல்ல, பாதி தூரம் போய் ஒரு மரத்தடியில ஒரு மணி நேரம் உக்காந்தா கெடைக்கறது பத்து கிலோமீட்டர் நடந்தாலும் கெடைக்காது.

எங்க உக்கார்றதுன்னா, வழியில வேலி போட்ட எடங்க வரும், மானும் பன்னியும் உள்ள போகாம தடுத்து கொய்யாவப் புடுங்கிப் போட்டு நாட்டு மரங்க மட்டும் வளர விட்ட துண்டுங்க. உள்ள போகக் கூடாது, வெளியவே நில்லுங்க. வெளிய கொய்யா மூச்சு முட்டற அளவுக்கு நெருக்கமா இருக்கும், உள்ள பாத்தீங்கன்னா கருங்காலி மரம், பாசி, நடுவுல வெளிச்சம், நம்ம சோலைக்காடு ஞாபகம் வரும். குயில்கீச்சான் அந்த மாதிரி எடத்துலதான் இருக்கும், ஆணு சாம்பல், பொண்ணு நல்ல ஆரஞ்சுப் பழுப்பு, ரெண்டையும் சேத்துப் பாத்தா ரெண்டு வேற பறவைன்னுதான் நெனைப்பீங்க. மேர்ல் மர உச்சியில கத்திட்டே இருக்கும், அது ஈஸி. ஈபிடிப்பான் தரைக்குப் பக்கத்துல இருட்டான கிளையில இருக்கும், நம்ம ஊரு அரசவால் மாதிரி நீள வாலு கெடையாது, அத எதிர்பாத்து ஏமாறாதீங்க, கருநீலத் தலையும் செங்கல் கலர் முதுகுமா குட்டியா அழகா இருக்கும், கிட்ட வந்து நம்மள ஒரு பார்வை பாத்துட்டுத்தான் போகும். பிங்க் புறாவ மொதல்ல காதுதான் புடிக்கும், றெக்கை பட்டபட்டன்னு அடிச்சுக்கிட்டு கிளை மாறும்.

புறா வந்து உக்காந்ததும் காலப் பாருங்க, கலர் கலரா வளையம் மாட்டியிருக்கும். ஏன்னா 1990ஐ ஒட்டி காட்ல மிஞ்சினது பத்துக்குப் பக்கம்தான், இப்ப நானூறத் தாண்டியாச்சு, ஒவ்வொண்ணையும் கணக்கு வெச்சுப் பாத்துக்கறாங்க. எக்கோ கிளி 1980கள்ல பத்துப் பன்னெண்டுக்கு வந்துருச்சு, இப்ப எழுநூறு வாக்குல. கூட்டுப் பெட்டி வெச்சு, காட்டுக்குள்ள தீனிப்பெட்டி வெச்சு, எலியும் குரங்கும் முட்டையத் திங்காம காவல் காத்து கொண்டு வந்த எண்ணிக்கை அது. சில பேரு "தீனி போட்டு வளக்கறது என்ன காட்டுப்பறவை"ம்பாங்க. நல்லாருந்த காட்டக் காலி பண்ணிட்டு பழம் இல்லாத காட்ல போய்ப் பொழைச்சுக்கன்னா அது எப்படிப் பொழைக்கும்? எனக்கு இதுல சங்கடமே இல்ல, டிக் போடுங்க.

கெஸ்ட்ரல் கதை இன்னும் மோசம். 1974ல காட்ல தெரிஞ்சது நாலே நாலு, அதுல முட்டை போடற பொட்டை ஒண்ணே ஒண்ணு. அப்பல்லாம் ஜனங்க இதக் கோழி திங்கறவன்னே கூப்பிட்டு சுட்டாங்க, மலேரியாவுக்கு அடிச்ச டிடிடி வேற முட்டை ஓட்ட மெலிசாக்கிருச்சு. 1979ல கார்ல் ஜோன்ஸ்னு வேல்ஸ்காரர் ஒருத்தர் வந்தார், திட்டத்த மூடிட்டு வரச் சொல்லித்தான் அனுப்பினாங்களாம், அவரு மூடல, கூட்டுலேர்ந்து மொத முட்டைங்கள எடுத்து இன்குபேட்டர்ல பொரிக்க வெச்சார், கூடு காலியானதும் அந்தப் பொட்டை மறுபடி முட்டை போட்டுச்சு. இப்படியே சில நூறு வரைக்கும் வந்துச்சு, 2022ல நாட்டோட தேசியப் பறவையும் ஆக்கிட்டாங்க. அதுக்காக நிம்மதியா இருக்குன்னு நெனைக்காதீங்க, நடுவுல மறுபடி எறங்கி 2014ல ஆபத்துப் பட்டியல்ல ஒரு படி மேல ஏத்தினாங்க. அதப் பாக்க மக்காபே மேட்ட விட கீழ பிளாக் ரிவர் சென்டர் பக்கம் நல்லது. நம்ம ஊரு கெஸ்ட்ரல் மாதிரி வானத்துல ஒரே எடத்துல நின்னு றெக்கை அடிக்கும்னு பாத்துட்டிருக்காதீங்க, இது காட்டுப் பறவை, குட்டை றெக்கை, மரத்துக்கு நடுவுல வல்லூறு மாதிரி பாஞ்சு பச்சைப் பல்லியப் புடிக்கும். பாறை முகத்தையும் காஞ்ச மரக்கிளையையும் பைனாகுலர்ல மெதுவா தடவிட்டே வாங்க, கிரீம் கலர் நெஞ்சுல கருப்புப் புள்ளியோட ஒண்ணு உக்காந்திருக்கும். அங்க நெலம் சமதளம், ஆத்தோரமா நிழல்ல நடக்கலாம், அப்பாவுக்கு இதான் பெஸ்ட்.

கெஸ்ட்ரலுக்கு இன்னொரு எடம் கிழக்குப் பக்கம் ஃபெர்னே பள்ளத்தாக்கு, மாஏபூர் பக்கத்துல, கைடோட கூட்டிட்டுப் போவாங்க, முன்கூட்டி சொல்லிட்டுப் போகணும். மாஏபூர் போற நாள்ல அத சேத்துக்கலாம், ஏன்னா மூணாவது நாள் நீங்க மாஏபூர் போயே ஆகணும், ஈல் ஓ ஸெக்ரெட்டுக்காக.

அது கரையிலேர்ந்து கண்ணுக்குத் தெரியற தூரத்துல இருக்கற குட்டித் தீவு, இருபத்தாறு ஹெக்டேர்தான், புவாந்த் ஜெரோம்ல படகு ஏறினா கொஞ்ச நேரத்துல போயிரலாம். மொரிஷியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷன் பாத்துக்குது, அவங்க கைடோடதான் சுத்த முடியும், ரெண்டு மணி நேரம் வரும், பாதை நல்லா இருக்கும். எலியையும் பூனையையும் ஒழிச்சுட்டுப் பறவைய விட்டாங்க, அதனால பிங்க் புறா, மொரிஷியஸ் ஃபோடி, ஆலிவ் வெள்ளைக்கண்ணி மூணும் ஒரே எடத்துல. பெரிய காட்ல ஃபோடியும் ஆலிவ் வெள்ளைக்கண்ணியும் கண்ணுல படறது குதிரைக்கொம்பு, பாஸான் ப்ளான் பக்கமெல்லாம் நான் அஞ்சாறு தடவை மழையில நனைஞ்சு ஒரே ஒரு தடவை ஆலிவ பாத்திருக்கேன், அதுவும் அரை நிமிஷம். இங்க அது பூவுல தேன் குடிக்கறத நின்னு நிதானமா பாக்கலாம். சாம்பல் வெள்ளைக்கண்ணி எங்க வேணா கெடைக்கும், உங்க மச்சான் வீட்டுத் தோட்டத்துலயே கூட்டமா வரும், அதுக்குத் தனியா மெனக்கெட வேணாம். தீவுல பெரிய ஆமைங்க வேற நடந்துட்டிருக்கும், அல்டாப்ராவுலேர்ந்து கொண்டாந்தது, கல்யாணத்துக்கு வந்த குழந்தைங்க இருந்தா கூட்டிட்டுப் போங்க, அதுங்களுக்குப் பறவை போரடிச்சாலும் ஆமை போரடிக்காது. 2020ல வகாஷியோ கப்பல் ஒடஞ்சு எண்ணெய் கொட்டினது இந்தத் தீவுக்குப் பக்கத்துலதான், அப்ப ஃபோடியையும் ஆலிவையும் கொஞ்சத்தப் புடிச்சுப் பத்திரமா வேற எடத்துல வெச்சுக் காப்பாத்தினாங்க. படகுக்கு சீட்டு கம்மி, டிக்கெட் எடுத்ததுமே இதுக்கு புக் பண்ணிருங்க, கல்யாணத்துக்கு அடுத்த நாள் போட்டுறாதீங்க, எவனும் எந்திரிக்க மாட்டீங்க.

நாலாவது நாள சும்மா விட்டு வெச்சிருங்க. மழைக்காக. பெத்ரான் பக்கம் மேட்டு நெலம், வருஷத்துக்கு நாலாயிரம் மில்லிமீட்டர் வரைக்கும் கொட்டற ஏரியா, அதே நேரம் மேற்குக் கடற்கரையில வெயில் பல்லக் காட்டும், அங்க அதுல கால்வாசி கூட பெய்யாது. காத்ர் போர்ன்ல வானம் தெளிவா இருக்குன்னு கெளம்பிப் போனா மேல மூடுபனியும் தூறலுமா இருக்கும். அரை மணி நேரம் கார்லயே உக்காந்து பாருங்க, நின்னா நில்லுங்க, நிக்கலன்னா அப்படியே மறுபக்கம் எறங்கி பிளாக் ரிவர் சென்டருக்குப் போயிருங்க, அங்க பெய்யாம இருக்க நல்ல சான்ஸ். மழை விட்ட ஒடனே அரை மணி நேரம் மேல இருந்தீங்கன்னா பறவைங்க எல்லாம் வெளிய வந்து றெக்கைய உலத்தும், அந்த நேரத்த விட்டுறாதீங்க. மழையே பெய்யலன்னா அந்த நாலாவது நாள போர்ட் லூயிஸ் ஒட்டி இருக்கற தேர் ரூஜ் கழிமுகத்துக்குப் போங்க, ராம்சார் சைட், அதாவது உலக அளவுல முக்கியம்னு பட்டியல் போட்ட ஈரநிலம், சைபீரியா பக்கத்துலேர்ந்து வர்ற உள்ளான் வகையறா எல்லாம் அக்டோபர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் இருக்கும், பள்ளிக்கரணை பாத்தவங்களுக்குப் புதுசா ஒண்ணும் இல்ல, அப்பா விரும்பினா போங்க.

ட்ராபிக் பேர்டுக்குத் தனி நாள் வேணாம். ப்ளேன் ஷாம்பாஞ் ரோட்ல கோர்ஜஸ் வியூ பாயின்ட் இருக்கு, பள்ளத்தாக்குக்கு மேல நின்னு குனிஞ்சு பாத்தீங்கன்னா உங்களுக்குக் கீழ பச்சைக் காட்டு மேல வெள்ளையா நீள வாலோட மிதந்து போகும், கடல் பறவைய மேலேர்ந்து பாக்கறது வேற அனுபவம். ஏர் மொரிஷியஸ் வால்ல இருக்கற படம் அதான். அங்க குரங்கு ஜாஸ்தி, ஜாவா பக்கத்துக் குரங்கு, நம்ம ஊரு குரங்கு பரவாயில்லைன்னு சொல்ற அளவுக்கு. தின்பண்டத்தக் கையில வெச்சுக்கிட்டு காருக்கு வெளிய நிக்காதீங்க.

கைடு பத்தி. மக்காபேக்கும் பிளாக் ரிவருக்கும் உங்க மாதிரி பழகின ஆளுக்குக் கைடு தேவையில்ல, பாதை தெளிவா இருக்கு. தேவைன்னு தோணினா மொதல்லயே ஒரே கேள்வி கேளுங்க: காட்ல பாக்கறதா, கூண்டுல பாக்கறதா? நான் வந்த மொத வருஷம் ஒரு ஆள நம்பி "எல்லா அரிய பறவையும் அரை நாள்ல"ன்னு நல்ல காசு குடுத்து ஏறினேன், அவன் பாட்டுக்கு ஒரு பறவைக் கூண்டு முன்னாடி கொண்டு போய் நிறுத்தி "பிங்க் புறா சார்"ங்கறான். கோவம் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு. ஷாமரேல் பக்கம் எபனி ஃபாரஸ்ட்னு தனியார் காடு ஒண்ணு இருக்கு, கொய்யாவப் புடுங்கி நாட்டு மரம் நட்டுக் காட்ட மீட்டுட்டிருக்காங்க, அங்க கைடோட நடக்கலாம், மேல ஏற ஜீப்பும் இருக்கு, அப்பாவுக்கு முட்டி ரொம்பப் படுத்துச்சுன்னா மக்காபேக்குப் பதிலா அங்க போங்க. காசு ஆகும், ஆனா ஏமாத்து இல்ல.

நவம்பர் நல்ல நேரமான்னு தனியா கேக்கல, ஆனா சொல்லிர்றேன், இதவிட நல்ல நேரம் கெடையாது. செப்டம்பர்லேர்ந்து எல்லாமே கூடு கட்டிட்டு இருக்கும், ஓயாம கத்தும், ஓயாம அலையும். புயல் சீசன் பேருக்கு நவம்பர்ல ஆரம்பிச்சாலும் வேலையக் காட்றது பெரும்பாலும் ஜனவரிக்கு மேலதான். சூரியன் அஞ்சரைக்கு முன்னாடியே வந்துரும், நீங்க அஞ்சு மணிக்கு பெத்ரான்ல இருக்கணும், ஒம்போதுக்கு மேல காடு அடங்கிரும். நம்ம ஊர விட ஒன்றரை மணி நேரம் பின்னாடி இருக்கறதால மொத ரெண்டு நாள் தானாவே சீக்கிரம் முழிப்பு வரும், அந்த ரெண்டு நாளையே காட்டுக்கு ஒதுக்குங்க, கல்யாண வீட்ல எல்லாரும் தூங்கிட்டிருக்கறப்போ போய்ட்டு பத்து மணிக்கெல்லாம் வந்து வாழைமரம் கட்டக் கூட நிக்கலாம், யாரும் கொற சொல்ல மாட்டாங்க. இந்த சீசன்ல லிச்சிப் பழம் வரும், மரத்துக்கு வலை போட்டிருப்பாங்க, சாயங்காலம் பழந்தின்னி வௌவால் கூட்டமா போறதப் பாக்கலாம், அதுவும் இந்தப் பக்கத் தீவுங்களுக்கே சொந்தமானது, பழத்தத் தின்னுதுன்னு அரசாங்கமே சுட்ட கொடுமையும் நடந்துச்சு.

காருக்கு, இடது பக்கம்தான் ஓட்றது, நம்ம மாதிரியே, வாடகைக்கு ஒரு சின்னக் கார் எடுங்க, அஞ்சு மணிக்கு அங்க கொண்டு விட பஸ்ஸ நம்ப முடியாது. விசா முன்கூட்டி எடுக்க வேண்டாம், ஆன்லைன் ஃபாரம் ஒண்ணு நெரப்பணும் அவ்ளோதான். எட்டுக்கு நாப்பத்திரெண்டு பைனாகுலர் போதும், காட்டுக்குள்ள இருட்டு, பெரிய லென்ஸத் தூக்கிட்டு வந்து முதுகு வலிச்சதுதான் மிச்சம்னு சொல்லாதீங்க, நூறு நானூறு லென்ஸே ஜாஸ்தி. கேமராவுக்கு மழை உறை கண்டிப்பா. விஷப்பாம்பு பயம் சுத்தமா வேணாம். கொசு மருந்து மட்டும் எடுத்துட்டு வாங்க, மலேரியா பிரச்சனை இல்ல, ஆனா டெங்கு சிக்குன்குனியா வந்து போற ஊரு. போன்ல பறவைக் கொரல் போட்டுக் கூப்பிடற வேலை மட்டும் வேணாம் தம்பி, நாலஞ்சு நூறு இருக்கற பறவைய கூட்டுலேர்ந்து எழுப்பி நம்ம பக்கம் வரவெச்சு என்ன பண்ணப் போறோம்.

சாப்பாடு, வாக்வா மார்க்கெட் பக்கம் விடியக்காலைல பன்னுக்குள்ள காத்தோ பிமான் வெச்சுத் தருவாங்க, பருப்பு வடைதான், பேரு மட்டும் பிரெஞ்சு, ஆளுக்கு நாலு கட்டிக்கிட்டுப் போங்க, மேல கடை எதுவும் அந்த நேரத்துக்குத் தொறந்திருக்காது. திரும்பி வர்றப்போ தால் பூரி.

ரியூனியனும் சேத்துப் பாக்கலாமான்னு கடைசி வரியில கேட்டிருந்தீங்க. ஃப்ளைட் முக்கா மணி நேரம்தான், அங்க மட்டும் இருக்கற குயில்கீச்சான் வேற, எரிமலை வேற, ஆசைதான் வரும், ஆனா அது பிரான்ஸ் மண்ணு, பேப்பர் வேலை தனி, அங்க அந்தக் குயில்கீச்சானப் பாக்க மலை ஏறணும், அப்பாவ விட்டுட்டா போவீங்க? நாலு நாள வெட்டி ரெண்டா பங்கு போட்டா ரெண்டும் போகும். ரொம்ப மனசு கேக்கலன்னா ரொத்ரீக் தீவுக்கு அடுத்த தடவை தனியா ஒரு நாலு நாள் வாங்க, அங்க ரெண்டே ரெண்டு காட்டுப்பறவைதான், ஃபோடி ஒண்ணு, கதிர்க்குருவி மாதிரி ஒண்ணு, ரெண்டையும் வந்த அன்னைக்கே பாத்துட்டு மிச்ச நாள் கடல்ல காலை நனைச்சுக்கிட்டு உக்காரலாம், அப்பாவுக்குப் புடிக்கும்.

அப்புறம் ஒண்ணு, ஊர்லேர்ந்து கெளம்பறதுக்கு முன்னாடி எல்லாரோட ஷூவையும் அடிப்பக்கம் நல்லா தேச்சுக் கழுவிருங்க, வால்பாறை மண்ணும் வெதையும் பள்ளத்துக்குள்ள ஒட்டிட்டு வரும். இங்க கொய்யா ஒண்ணப் புடுங்கவே இன்னும் ஆள் பத்தல. படகு புக் பண்ணிட்டு எந்தத் தேதின்னு சொல்லுங்க, அன்னைக்கு எனக்கு லீவுன்னா நானும் வர்றேன், பிரியாணி விஷயம் அங்கயே பேசிக்கலாம்.